டிறில் பற்றரி ரெண்டை வச்சு 36 வோல்ற் சைக்கிள் ஓட்டுற விசயம்: கட்-ஓஃப், வயரிங், பியூஸ்

களுதாவளை
36 வோல்ற் 350 வாட் ஹப் மோட்டர் கிற் பூட்டின சைக்கிள் ஒண்டு இருக்கு. மோட்டருக்குக் கரண்ட் விடுற கொன்ரோலர்ல 15 அம்பியர் எண்டு போட்டிருக்கு. அதோட வந்த ஈய அசிட் பற்றரி மூண்டும் முடிஞ்சிட்டு. கையில 18 வோல்ற் 5 ஏஎச் (அம்பியர்-மணி, பற்றரியின்ட கொள்ளளவு) டிறில் பற்றரி ரெண்டு இருக்கு, மகிட்டா கொம்பனி. ரெண்டையும் சீரீஸ்ல (ஒண்டுக்குப் பின்னால ஒண்டா) போட்டா நேரா கொன்ரோலருக்குக் குடுக்கலாமா? ஃபுல் சார்ஜ்ல வோல்ற் கூடிப் போகாதா? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கல்லடி வயர்மன்
வோல்ற் கூடிப் போகாது தம்பி, கணக்குச் சரியாப் பொருந்தும். 18 வோல்ற் டிறில் பற்றரி எண்டா உள்ள 5 செல் வரிசை. ஒரு செல் ஃபுல்லில 4.2 வோல்ற், அப்ப ஒரு பற்றரி 21. ரெண்டு சேர்ந்தா 42. கடையில விக்கிற 36 வோல்ற் லித்தியம் சைக்கிள் பற்றரியும் 10 செல் வரிசைதான், அதுக்கும் ஃபுல் 42தான். மகிட்டாவே ரெண்டு 18ஐச் சேர்த்து 36ல ஓடுற புல்வெட்டி, சங்கிலி வாள் எல்லாம் விக்குது.

"20 வோல்ற் மேக்ஸ்" எண்டு எழுதின பற்றரிகளும் இதே 5 செல்தான். சும்மா வச்சிருக்கும்போது உள்ள உச்ச வோல்ற்றை எழுதியிருக்காங்க, வேற வித்தியாசம் இல்ல. ஆனா ஒரு 20 மேக்ஸ், ஒரு 18 எண்டு ரெண்டு கொம்பனியைக் கலக்காதீங்க. வோல்ற்றால பிரச்சினை வராது. உள்ள இருக்கிற செல் வேற, பழசாகிற வேகமும் வேற.

மூண்டு போட்டு 48 வோல்ற் கொன்ரோலர் ஓட்டலாமா எண்டும் சிலர் கேக்கிறவங்க. வேண்டாம். மூண்டு எண்டா ஃபுல்லில 63 வோல்ற். 48 கொன்ரோலர் கனக்க உள்ள இருக்கிற கொண்டென்சர் (கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வைக்கிற சாமான்) 63 வோல்ற் வகை. எல்லையிலேயே நிண்டு வேலை செய்யும், கொஞ்ச நாள்ல வெடிக்கும். 60 வோல்ற் கொன்ரோலர் எண்டா தாங்கும். ஆனா ஈய அசிட்டுக்குச் செய்த 60 கொன்ரோலர் வோல்ற் 52.5க்கு இறங்கினதுமே கரண்டை வெட்டிரும். அப்ப செல்லுக்கு 3.5 வோல்ற், அடியில கிடக்கிற சார்ஜ் பாவிக்கக் கிடைக்காது.

ஏறாவூர் சோல்டர்
வோல்ற் பொருந்துது எண்டதோட விட்டிராதீங்க. இந்த வேலையில பற்றரியைக் கொல்லுறது வேற இடம்.

உங்கட கொன்ரோலர் ஈய அசிட் காலத்துச் சாமான் எண்டா 31.5 வோல்ற்றில வெட்டும். லித்தியம் வகை எண்டாலும் 30, 31தான். ஆனா அது பாக்கிறது ரெண்டு பற்றரியும் சேர்ந்த மொத்தத்தை மட்டும். ஒரு பற்றரி நல்லது, மற்றது கொஞ்சம் களைச்சது எண்டு வைங்க. களைச்சது 15 வோல்ற்றுக்கு இறங்கேக்க நல்லது இன்னும் 17.5ல நிக்கும். மொத்தம் 32.5. கொன்ரோலருக்கு எல்லாம் சரி, ஓடிக்கொண்டே இருக்கும். 31.5க்கு வரேக்க களைச்சது 14க்கு வந்திரும். செல்லுக்குச் சராசரி 2.8. சராசரி அது, அதுக்குள்ள மெலிஞ்ச செல் 2 வோல்ற்றுக்குக் கீழ போயிருக்கும். லித்தியம் செல் அடியில சரியிறது மெதுவா இல்ல, மலையில இருந்து விழுற மாதிரி. 10 அம்பியர் இழுக்கேக்க கடைசி 3 வோல்ற்றில இருந்து 2க்குப் போக ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் போதும்.

அப்பிடி அடியில போன செல்லுக்கு உள்ள செம்பு கரையும். மறுகா சார்ஜ் ஏத்தேக்க அந்தச் செம்பு ஊசி மாதிரிப் படிஞ்சு உள்ளேயே ஷோர்ட் ஆக்கும். நெருப்பு வாறது அங்கதான், ஓடேக்க இல்ல, வீட்டில சார்ஜ்ல கிடக்கேக்க.

அதனால ஒவ்வொரு பற்றரிக்கும் தனித்தனிக் கட்-ஓஃப் (வோல்ற் இறங்கினா வெட்டுறது) வேணும். இது இல்லாம சீரீஸ் போடாதீங்க.

களுதாவளை
பற்றரிக்குள்ளயே சேர்க்கிட் போர்ட் இருக்கே அண்ணன்? டிறில்ல போட்டா அடியில போக முதல் தானா நிக்குதே. அது சைக்கிள்ல வேலை செய்யாதா?

ஏறாவூர் சோல்டர்
நல்ல கேள்வி, கன பேர் விழுற குழி இது. டிறில்ல நிக்குது, சரி. ஆனா நிப்பாட்டுறது பற்றரி இல்ல, டிறில். மகிட்டா பற்றரிக்குள்ள இருக்கிற போர்ட் செல்லைப் பாத்து, பக்கத்துச் சின்ன முனை வழியா "போதும்" எண்டு டிறிலுக்குச் சொல்லும். கரண்டை வெட்டுற சுவிட்ச், மொஸ்பெற் எண்டுறது, டிறிலுக்குள்ளதான் இருக்கு. டிவோல்ட் கொம்பனியின்ட 20 மேக்ஸ்ல போர்ட்டுக்கு அந்த வேலையும் குறைவு. செல் முனைகளை வெளிய குடுத்திருக்கு, டிறில் வாசிச்சு முடிவெடுக்கும். நீங்க அடப்ரர் (பற்றரியை ஏத்துற தட்டு) போட்டு பிளஸ், மைனஸ் ரெண்டு முனையை மட்டும் எடுத்தா அந்தப் பேச்சைக் கேக்க ஆள் இல்ல. பற்றரி கடைசித் துளி வரைக்கும் குடுக்கும்.

இன்னொண்டு. அப்பிடி ஒரு தரம் அடியில போன பற்றரியைச் சார்ஜர்ல வைக்கேக்க சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னினா, சார்ஜர் அதை ஏற்கேல எண்டு அர்த்தம். திரும்பத் திரும்பக் கழட்டிப் போட்டு முயற்சி செய்யாதீங்க. வேற சப்ளையால நேரா வோல்ற் குடுத்து "எழுப்புற" வேலையும் வேண்டாம். ஏன் எண்டு மேல எழுதியிருக்கிறன்.

அக்கரைப்பற்று காக்கா
தனிக் கட்-ஓஃப் எப்பிடிச் செய்யிற எண்டு நான் சொல்லுறன். 15 அம்பியர் ஓடுற தடிச்ச வயரை வெட்டப் போகத் தேவையில்ல. கொன்ரோலர்ல தடிச்ச சிவப்பு, கறுப்போட மெல்லிசா இன்னொரு வயர் வரும், சிவப்பு இல்லாட்டி ஒரேஞ்ச், திறப்புச் சுவிட்சுக்குப் போறது. அதுல பற்றரி வோல்ற் வந்தாத்தான் கொன்ரோலர் விழிக்கும். ஓடுற கரண்ட் மில்லி அம்பியர் கணக்கு. அந்த வயரைத்தான் வெட்டணும்.

வோல்ற் பாத்து ரிலே (கரண்டால இயங்குற சுவிட்ச்) தட்டுற சின்ன போர்ட் ரெண்டு வாங்குங்க, டிஸ்பிளேயோட வாறது. 12ல இருந்து 36 வோல்ற் வரை தாங்கிற வகை. வாங்கேக்க ஒரு விசயம் பாருங்க: ரிலே முனை மூண்டும் தனியா வெளிய வரணும், போர்ட்டுக்கு வாற பிளஸ்ஸோட உள்ளேயே சேர்த்திருக்கக் கூடாது. மேல் பற்றரியின்ட மைனஸ் எண்டது கீழ் பற்றரியின்ட பிளஸ். சேர்த்துச் செய்த போர்ட்டை இங்க போட்டா நேரா ஷோர்ட்.

ஒரு போர்ட் கீழ் பற்றரிக்குக் குறுக்க, மற்றது மேல் பற்றரிக்குக் குறுக்க. ரெண்டு ரிலேயின்ட கொமன், என்ஓ (ரிலே இழுத்தா மட்டும் சேருற) முனைகளை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அந்த மெல்லிய வயர்ல கோருங்க. எந்தப் பற்றரி விழுந்தாலும் கொன்ரோலர் நிக்கும்.

வெட்டுற அளவு 15.5 வோல்ற், 2 செக்கன் தாமதம். திரும்பச் சேருற அளவை 19க்கு ஏத்தி வைங்க. ஏன் எண்டா சுமை போன உடனே பற்றரி ஒரு வோல்ற், ஒண்டரை வோல்ற் தானா ஏறும். சேருற அளவை 16ல வச்சா வெட்டும், சேரும், வெட்டும், சேரும். சைக்கிள் துள்ளும், ரிலே முனையும் தீயும். 19ல வச்சா அடுத்த ஃபுல் சார்ஜுக்குத்தான் சேரும், எங்களுக்கு வேண்டியது அதுதான். குறை எண்டு பாத்தா, 19க்குக் கீழ நிண்டு சுவிட்சை ஓஃப் பண்ணினா திரும்ப எடுபடாது. அந்த இடத்துக்கு 18 வச்சுக்கொள்ளலாம், அதுக்குக் கீழ குறைக்க வேண்டாம்.

ரெண்டு போர்ட்டும் சுவிட்சுக்குப் பிறகுதான் இருக்கணும். பற்றரியில நேரா விட்டா ரிலே சுருள் இரவு பகலா 20, 30 மில்லி அம்பியர் குடிக்கும். ஒரு கிழமை மறந்து விட்டா அதுவே பற்றரியை அடியில கொண்டு போயிரும்.

வாழைச்சேனை பாலு ரேடியோஸ்
காக்கா சொல்ற வேலை சரி. ஆனா இவ்வளவு வேணுமா? றிமோட் விமானக்காரர் பாவிக்கிற சின்ன அலாரம் ஒண்டு, செல்லுக்குச் செல் பாத்துக் கத்துறது, அதைப் பூட்டினாப் போதாதா? செல்லைத் தனித்தனியாப் பாக்கிறதால ரிலே போர்ட்டை விடத் துல்லியம்.

அக்கரைப்பற்று காக்கா
துல்லியம் எண்டது உண்மை, அதை மறுக்கேல. ஆனா அதுக்குச் செல் முனை ஆறும் வேணும். மகிட்டாவைத் திறந்து வயர் சோல்டர் பண்ணணும், அந்த வயர் ஒண்டு உள்ளுக்க நசிஞ்சாலே ஷோர்ட். பூட்டின பற்றரியைத் திறக்காம முடிக்கிறதுதான் நல்ல வழி. டிவோல்ட் எண்டா முனை வெளிய இருக்கிறதால அலாரம் வைக்கலாம், வச்சா இன்னும் நல்லம்.

அடுத்தது, அலாரம் கத்தும், ஆனா நிப்பாட்டாது. கச்சான் காத்து முகத்தில அடிக்க, பின்னால பஸ் ஹோர்ன் அடிக்க, பையுக்குள்ள கத்துற சத்தம் ஆருக்குக் கேக்கும்? ரிலே கட்டாயம், அலாரம் விருப்பம்.

கல்லடி வயர்மன்
இனி வயரிங்.

அடப்ரர்: டிறில் அடி மாதிரி வழுக்கி ஏறுற பிளாஸ்ரிக் தட்டு, ஒன்லைன்ல வயரோட வருது, முப்பரிமாண அச்சுக்காரரும் செய்து தருவாங்க. பிஎல்ஏ பிளாஸ்ரிக்ல அடிக்க விடாதீங்க. அது 60 பாகையில இளகும். மத்தியான வெயில்ல நிக்கிற சைக்கிள்ல கறுத்தப் பை அந்தச் சூட்டுக்கு லேசா வரும். பிஇடிஜி, இல்லாட்டி ஏபிஎஸ் பிளாஸ்ரிக்ல அடிக்கச் சொல்லுங்க.

அதுல இருக்கிற பித்தளைத் தகடுதான் முக்கியம். முனை நல்லாப் பிடிச்சா 10 மில்லி ஓம் எண்டு வைங்க, 15 அம்பியர்ல 2 வாட் சொச்சம் சூடு, பரவாயில்ல. உப்புக் காத்தில கறுத்து 30 மில்லி ஓம் ஆனா கிட்டத்தட்ட 7 வாட், அந்தச் சின்னத் தகட்டில. பிளாஸ்ரிக் இளகும், தகடு தளரும், இன்னும் சூடாகும். முதல் ஓட்டத்தில 10 நிமிசம் ஓடி நிப்பாட்டி முனையில விரலை வச்சுப் பாருங்க. வைக்க ஏலாத சூடு எண்டா அந்த அடப்ரர் சரிவராது.

வயர் 14 கேஜ் சிலிக்கன் வயர். வீட்டு வயரிங்குக்கு எடுக்கிற 7/029 மிஞ்சிக் கிடக்குது எண்டு அதைப் போடாதீங்க. கரண்ட் தாங்கும், அதில குறை இல்ல. ஆனா ஏழே ஏழு தடிச்ச கம்பி, சைக்கிள் அதிர்வில சோல்டர் பிடிச்ச கழுத்தில முறியும்.

பியூஸ்: கார்ல போடுற தட்டைப் பியூஸ் கனக்க 32 வோல்ற்றுக்குத்தான். "ஒரு பற்றரி 21தானே" எண்டு நினைக்கிறது பிழை. சீரீஸ் சுற்றில பியூஸ் அறுந்தா அதுக்குக் குறுக்க நிக்கிறது முழு 42. பொறி நிக்காம எரிய வாய்ப்பு இருக்கு. 58 வோல்ற் எண்டு அடிச்ச பியூஸ் தேடுங்க, 20 அம்பியர். கிடைக்காட்டி சோலர் கடையில டிசி பிரேக்கர் 20 அம்பியர் எடுங்க. அதையே பிரதான சுவிட்சாயும் பாவிக்கலாம். பிளஸ் மைனஸ் பக்கம் பாத்துப் பூட்டணும், டிசி பிரேக்கர் கனக்க ஒரு திசைக்குத்தான் பொறியை அணைக்கும்.

பியூஸ் எங்க? பற்றரி முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள. கொன்ரோலர் பக்கத்தில வச்சா இடையில வயர் உரசி ஷோர்ட் ஆனா அதுக்குக் காவல் இல்ல.

வயர் சேருமிடத்துக்கு எக்ஸ்டி90-எஸ் கொனெக்டர். அந்த "எஸ்" வகையில உள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும், கொன்ரோலர் கொண்டென்சர் நிரம்பேக்க வாற பொறியை அடக்கும். அது இல்லாம ஒவ்வொரு நாளும் "டிக்" எண்டு பொறி விட்டா முனை தின்னுப்பட்டுப் போகும்.

ஏறாவூர் சோல்டர்
ஒரு சேர்க்கை. கியர் இல்லாத ஹப் மோட்டர் எண்டா சில கொன்ரோலர் பிரேக் பிடிக்கேக்க கரண்டைத் திருப்பி பற்றரிக்கு அனுப்பும். அதை நிப்பாட்டி வைங்க. வெளியேறுற முனையால சார்ஜ் ஏறினா பற்றரியின்ட போர்ட்டால தடுக்க ஏலாது. கல்லடிப் பாலத்தில இருந்து ஃபுல் சார்ஜோட இறங்கேக்க 42ஐத் தாண்டும்.

அதே காரணத்துக்காக 42 வோல்ற் சைக்கிள் சார்ஜரால ரெண்டையும் சேர்த்து ஏத்தாதீங்க. கழட்டி, அதுக்குரிய சார்ஜர்ல தனித்தனியா. ஓடி வந்த உடனே இல்ல, கை வச்சா குளிரா இருக்கேக்க. லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏத்துற எல்லை 45 பாகை.

களுதாவளை
எல்லாருக்கும் நன்றி. எவ்வளவு தூரம் ஓடும்? கல்முனைக்குப் போய் வரலாமா?

கல்லடி வயர்மன்
18ஐ 5ஆல பெருக்கினா 90 வாட்-மணி, ரெண்டுக்கும் 180. 15.5ல வெட்டினா கையில கிடைக்கிறது 155 அளவு. பெடல் மிதிக்காம 25 கிலோமீற்றர் வேகத்தில சமதரையில 10ல இருந்து 12 வாட்-மணி ஒரு கிலோமீற்றருக்குப் போகும். அப்ப 13, 15 கிலோமீற்றர். மிதிச்சு உதவினா 20 தாண்டும். எங்கட கரையோர றோட்டில ஏத்தம் இல்ல, காத்துத்தான் ஏத்தம். எதிர்க்காத்தில இந்தக் கணக்கில காற்பங்கு குறைச்சுப் பிடிங்க.

களுதாவளையில இருந்து களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போய் வர இது தாராளம். கல்முனைக்குப் போய் வர நினைக்காதீங்க.

கொக்கட்டிச்சோலை
நாலு பற்றரி போட்டா? ரெண்டு ரெண்டா சீரீஸ், அந்தச் சோடிகளைப் பரலல் (பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ்)?

அக்கரைப்பற்று காக்கா
போடலாம், ஒவ்வொரு பற்றரிக்கும் பாதிக் கரண்ட்தான் வாறதால ஆயுளும் கூடும். ஆனா நேரா முறுக்கிப் போடாதீங்க. ஒரு சோடி 41 வோல்ற், மற்றது 37 எண்டா வித்தியாசம் 4. ரெண்டு சோடியின்ட உள் எதிர்ப்பும் சேர்ந்து 0.4 ஓம் வந்தாலும் சேர்த்த நொடியில 10 அம்பியர் ஒண்டில இருந்து மற்றதுக்குப் பாயும், சார்ஜர் இல்லாமலே.

ஒவ்வொரு சோடியின்ட பிளஸ்லயும் ஒரு ஷொட்கி டயோட், கரண்டை ஒரு திசைக்கு மட்டும் விடுறது. 30 அம்பியர், 60 வோல்ற்றுக்குக் குறையாம. 15 அம்பியர்ல அரை வோல்ற்றுக்கு மேல விழும், 8ல இருந்து 10 வாட் சூடு வரும். உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டில மைக்காத் தாள் வச்சுப் பூட்டணும். சோடிகளின்ட நடுப் புள்ளியை ஒண்டோடொண்டு சேர்க்காதீங்க. கட்-ஓஃப் போர்ட் நாலு வேணும், குறைக்க வழியில்ல.

வாழைச்சேனை பாலு ரேடியோஸ்
இவ்வளவும் செய்யிற செலவுக்கு 36 வோல்ற் 10 ஏஎச் சைக்கிள் பற்றரி ஒண்டு வாங்குறது நல்லது எண்டது என்ட கருத்து. 360 வாட்-மணி, உள்ளேயே கட்-ஓஃப். டிறில் பற்றரி புதுசா வாங்கி இந்த வேலை செய்யிறது வீண்செலவு. தச்சு வேலை, அலுமினிய வேலைக்காரர் ஏற்கெனவே நாலஞ்சு வச்சிருக்கிற இடத்தில மட்டும்தான் பொருந்தும்.

ஏறாவூர் சோல்டர்
ஒத்துக்கொள்ளுறன். வாங்கிறவங்க போலியையும் பாக்கணும். மகிட்டா 5 ஏஎச் உண்மையானது 600 கிராமுக்கு மேல நிறுக்கும். உள்ள 10 செல், ஒண்டு 45 கிராம் அளவு. "6 ஏஎச்" எண்டு ஸ்ரிக்கர் ஒட்டி 400 கிராம் நிறுத்தா உள்ள அஞ்சே செல். பலசரக்குக் கடைத் தராசு போதும் இதைப் பிடிக்க. பாரம் சரியா இருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க ஏலாது. செல்லுக்குச் செல் பாக்கிற வயர் இல்லாத போலியும் இருக்கு.

யப்பான்ல இருந்து வாற பழைய சாமானோட கிடைக்கிற சார்ஜரையும் பாத்து எடுங்க. லேபல்ல 100 வோல்ற் எண்டு மட்டும் இருந்தா எங்கட 230ல குத்தின உடனே போயிரும்.

கல்லடி வயர்மன்
பூட்டுற இடம் பற்றி ஒருத்தரும் சொல்லேல. பற்றரி 600 கிராமுக்கு மேல, அதை அடப்ரர் தண்டவாளத்தில தொங்க விட்டா நாலு பள்ளத்தில பிளாஸ்ரிக் உடையும். பாரம் தாங்கிறது அடித்தட்டு, அடப்ரர் முனையைத் தொடுறதுக்கு மட்டும். அடியில பழைய ரியூப் வெட்டி விரிச்சு, மேலால நாடா போட்டு இறுக்குங்க. மாரிக்குப் பெட்டி கட்டாயம், ஆனா காத்துப் போகாம அடைக்காதீங்க: அடியில ரெண்டு துளை, வயர் உள்ள போற இடத்தில கீழ வளைச்சு விட்டு ஏத்துங்க, தண்ணி வயர் வழியா உள்ள போகாது. முனைக்கு மாசத்துக்கு ஒரு தரம் கொன்ராக்ட் கிளீனர், பிறகு வசலின் மெல்லிசா. மணல்தாள் போடாதீங்க, மேல்பூச்சுப் போனா ரெண்டு மழையில பச்சை பிடிச்சிரும்.

களுதாவளை
ஃபுல் சார்ஜ் ஏத்தி ஒரு இரவு வச்சுப் பாத்தன். ஒண்டு 20.7, மற்றது 20.3. சோடி சேர்க்கலாமா?

அக்கரைப்பற்று காக்கா
0.4 எண்டது கூட. 0.2க்குள்ள இருந்தாத்தான் மனசுக்குச் சரி. ஆனா வோல்ற்றை மட்டும் வச்சு முடிவு எடுக்காதீங்க, கொள்ளளவைப் பாருங்க. லொறிக்குப் போடுற 24 வோல்ற் 70 வாட் ஹெட்லைற் பல்ப் ஒண்டு எடுத்து, பியூஸோட ஒவ்வொரு பற்றரிக்கும் தனித்தனியாப் பிடிங்க. 18 வோல்ற்றில ரெண்டரை அம்பியர் அளவு இழுக்கும், நல்ல 5 ஏஎச் பற்றரி ரெண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட நிக்கும். மல்ரிமீற்றர் பூட்டிப் பக்கத்திலேயே இருக்கணும், 16க்கு வந்த உடனே கழட்டணும். விட்டிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம். பல்ப் நல்லாச் சுடும், சீமெந்துத் தரையில வைங்க. ரெண்டு நேரத்துக்கும் பத்துக்கு ஒண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா சோடி இல்ல.

களுதாவளை
பாத்தாச்சு. 20.7 இருந்தது 1 மணி 50 நிமிசம். மற்றது 1 மணி 15.

அக்கரைப்பற்று காக்கா
அப்ப ரெண்டாவது மூண்டு ஏஎச் சொச்சம்தான். சீரீஸ்ல போட்டா நல்லதிலயும் அந்த மூண்டைத்தான் எடுக்க ஏலும், ஒவ்வொரு ஓட்டத்திலயும் முதல்ல வெட்டுறதும் அதுதான். அதை டிறிலுக்கே விடுங்க, அங்க தனியா நிக்கிறதால பிரச்சினை இல்ல. 1 மணி 50 நிமிசம் நிண்டதுக்குச் சோடியா இன்னொண்டு, 1 மணி 40க்குக் குறையாம நிக்கிறதாப் பாத்து எடுங்க. வாங்க முதல் இதே பல்ப்பால பாக்க விடுற ஆளிட்ட வாங்குங்க. ரெண்டுக்கும் பேனாவால ஒரே அடையாளம் போட்டு, ஒண்டாவே பாவிச்சு ஒண்டாவே சார்ஜ் ஏத்துங்க. ரிலே போர்ட் கைக்கு வந்ததும் முனைகளைப் படம் எடுத்துப் போடுங்க, கரண்ட் குடுக்க முதல் பாத்துச் சொல்லுறன்.